கேலிக் பாடல் கற்க வருபவர்களே, முதலில் பல்லவியைப் பிடியுங்கள்

ஸ்காட்லாந்தின் கேலிக் பாடல்களைக் கேட்டு மயங்கியவர்களில் பாதிப் பேர் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். மனத்தை உருக்கும் ஒரு பிரிவுப் பாட்டைத் தேர்ந்தெடுத்து, வரிகளை அச்செடுத்து, முதல் சரணத்திலிருந்து மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். மூன்றாவது சரணத்தில் நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. இது நமக்கு ஆகாத மொழி என்று மூட்டை கட்டிவிடுகிறார்கள். மொழி மேல் பழி போட ஒன்றும் இல்லை, நுழைந்த வாசல்தான் தவறு. இந்த மரபின் பெரும்பங்கு ஒருவர் வரியை எடுக்க, கூடியிருப்பவர்கள் பல்லவியைப் பின்பாட்டாக வாங்கிப் பாடுவதற்கென்றே உருவானது. புதிதாக வருபவருக்கு அந்தப் பின்பாட்டில் ஓர் இடம் எப்போதும் காலியாக இருக்கிறது. அங்கே உட்கார்ந்து தொடங்கி, சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டும் வரை எப்படிப் போகலாம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். கிளாஸ்கோ, எடின்பரோ பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ வந்திருப்பவர்களுக்கு முழுவதும் பயன்படும். வேறு ஊர்களில் இருப்பவர்கள் முதல் பாதியை வீட்டிலிருந்தே முடித்துவிடலாம்.

தொடங்கும் முன் ஒரு தெளிவு. அயர்லாந்தின் ஐரிஷும் ஸ்காட்லாந்தின் கேலிக்கும் ஒரே குடும்பத்து மொழிகள், ஆனால் எழுத்துக்கூட்டலும் உச்சரிப்பும் வேறு. இரண்டையும் கலந்து கற்காதீர்கள். ஸ்காட்லாந்தின் 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1,30,161 பேர் கேலிக் ஏதோ ஓர் அளவில் தெரியும் என்று பதிவு செய்திருக்கிறார்கள். அவர்களில் பேசத் தெரிந்தவர்கள் சுமார் 70,000 பேர். மொழியின் கோட்டையான மேற்குத் தீவுகளிலேயே பேசுபவர்கள் மக்கள்தொகையில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டார்கள். ஆகையால் நீங்கள் கற்றுக்கொள்ளும் ஒரு பாட்டு அங்கே பொழுதுபோக்காக மட்டும் பார்க்கப்படாது. மரியாதையும் கிடைக்கும், கண்டிப்பும் கிடைக்கும்.

முதல் படி: கேட்பதற்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள்

இசைக்குழுக்களிலிருந்து தொடங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஸ்கை தீவில் 1973-இல் தொடங்கிய ரன்ரிக் குழு கிட்டாரோடும் டிரம்ஸோடும் கேலிக்கை ராக் மேடைக்குக் கொண்டுபோனது. கேப்பர்கேலி குழு 1992-இல் வேலை செய்தபடி பாடும் பழைய கேலிக் பாட்டு ஒன்றைப் பிரிட்டனின் முதல் 40 பாடல்கள் பட்டியலுக்குள் ஏற்றியது. வடக்கு யூயிஸ்ட் தீவைச் சேர்ந்த ஜூலி ஃபௌலிஸின் குரலில் உச்சரிப்பு மணிமணியாகக் கேட்கும். காது பழக இவர்கள் போதும்.

பிறகு வாத்தியங்களை விட்டு வெளியே வாருங்கள். லூயிஸ் தீவின் கிறிஸ்டீன் பிரிம்ரோஸ், பாரா தீவின் ஃப்ளோரா மக்நீல் (1928–2015) ஆகியோர் துணை இசையின்றித் தனிக்குரலில் பாடியவற்றைக் கேளுங்கள். ஃப்ளோரா மக்நீல் பாட்டு வகுப்புக்குப் போனவர் இல்லை. தாயும் சிற்றன்னைமாரும் வீட்டு வேலையினூடே பாடியவற்றைக் கேட்டே நூற்றுக்கணக்கில் மனத்தில் வைத்திருந்தார். எடின்பரோ தொலைபேசி நிலையத்தில் வேலைக்கு வந்த இடத்தில், 1951-இல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஹேமிஷ் ஹெண்டர்சன் நடத்திய மக்கள் விழாக் கேய்லியில் அவர் பாட, அமெரிக்க நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் அதைப் பதிவு செய்தார். நகரத்துக் கூட்டம் தீவுப் பாட்டை நேருக்கு நேர் கேட்ட இரவுகளில் அது முக்கியமானது. கேய்லி என்றால் இன்று பலருக்கும் நடன விருந்துதான் நினைவுக்கு வரும். பழைய தீவு வழக்கில் ஒரு வீட்டில் கூடிக் கதையும் பாட்டும் பகிரும் மாலைப்பொழுதே கேய்லி.

அடுத்து ஆவணக் காப்பகம். தோபர் அன் துவலகிஷ் என்ற இணையதளத்தை இலவசமாகப் பயன்படுத்தலாம். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1951-இல் தொடங்கிய ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளியின் களப்பதிவுகளும், கேனா தீவில் வாழ்ந்த ஜான் லோர்ன் கேம்பலின் சேகரிப்பும், பிபிசியின் பழைய பதிவுகளும் அங்கே ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. பாடகர் பெயர், ஊர், பாட்டின் வகை என்று பிரித்துத் தேடலாம். முதலில் கேட்கும்போது ஏமாற்றமாக இருக்கும்: வயதான குரல், மூச்சு வாங்குகிறது, நடுவில் இருமல். பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே பாட்டை மூன்று தீவுகளைச் சேர்ந்த மூவர் பாடியதை அடுத்தடுத்துக் கேட்டால் எந்த இசைத்தட்டும் தராத ஒன்று புரியும்: மெட்டு ஆளுக்கு ஆள் நெளிகிறது, சொல்லின் நீட்டமும் அழுத்தமும் மட்டும் அசையாமல் நிற்கின்றன.

இரண்டாம் படி: வேலை செய்தபடி பாடும் பாட்டில் தொடங்குங்கள்

கேலிக் பாட்டில் வகைகள் பல. தாலாட்டு, ஒப்பாரி, காதல், கடல், வசை, போர் என்று நீளும். நடனத்துக்கு வாத்தியம் இல்லாதபோது வாயாலேயே தாளமும் மெட்டும் கொடுக்கும் பூர்ஷ்ட் அ பியல் என்ற வகை இளைஞர்களை உடனே ஈர்க்கும். 1746-இல் ஆங்கில அரசு பேக்பைப்பைத் தடை செய்ததால்தான் இந்த வகை பிறந்தது என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள். தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அந்த ஆண்டின் ஆயுதப் பறிப்புச் சட்டத்தில் பைப் பற்றிய பேச்சே இல்லை. கேட்க எளிதாகத் தோன்றினாலும் வேகம் காரணமாக இது புதியவர்களின் நாக்கை ஒடிக்கும் வகை. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உங்களுக்கு ஏற்றது ஓரன் லூவய், அதாவது துணி அடிக்கும் பாட்டு. தறியிலிருந்து இறங்கிய டுவீட் துணி விறைப்பாகவும் எண்ணெய்ப் பிசுக்கோடும் இருக்கும். அதைச் சுருக்கி, இறுக்கி, காற்றுப் புகாதபடி ஆக்க வேண்டும். நாள்பட்ட சிறுநீரை மிடாக்களில் சேர்த்து வைத்திருப்பார்கள். அதன் அமோனியா எண்ணெயை எடுக்கும், சாயத்தை நிறுத்தும். துணியின் இரு முனைகளையும் தைத்து வளையமாக்கி அந்தச் சிறுநீரில் ஊறவைத்து, நீண்ட பலகையில் போடுவார்கள். தனி மேசை இல்லாத வீட்டில் கதவையே கழற்றிப் போடுவதும் உண்டு. இருபுறமும் பெண்கள் எதிரெதிரே அமர்ந்து, ஈரத் துணியைப் பலகையில் அறைந்து, இழுத்து, பக்கத்தவரிடம் தள்ளுவார்கள். துணி சூரியன் செல்லும் திசையில் மட்டுமே சுற்றிவர வேண்டும். ஒரு பெண் வரியை எடுப்பாள், மற்றவர்கள் பின்பாட்டை வாங்குவார்கள், அறையின் தாளமே பாட்டின் தாளம். பாட்டு முடிந்ததும் நடுவிரலால் துணியை அளந்து, போதிய அளவு சுருங்கவில்லை என்றால் அடுத்த பாட்டு தொடங்கும். ஒரே துணிக்கு ஒரு பாட்டை இருமுறை பாடினால் ஆகாது என்பது நம்பிக்கை. அதனால் ஒவ்வொரு ஊரிலும் பாட்டுக் கையிருப்பு பெருகியது. வேலை முடியும் கட்டத்தில் கைதட்டிப் பாடும் வேடிக்கைப் பாட்டுகள் வரும். அங்கிருக்கும் கன்னிப்பெண் ஒவ்வொருத்தியின் பெயரோடும் ஊர்ப் பையன் ஒருவனின் பெயரைக் கோத்துவிடுவார்கள். வெட்கமும் சண்டையும் சிரிப்புமாக முடியும்.

இந்த வேலை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு ஸ்காட்லாந்தில் வழக்கொழிந்தது. கனடாவின் கேப் பிரெட்டன் தீவில், பதினெட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் குடியேறிய கேலிக்காரர்களின் வழிவந்தோர் இன்றும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து துணியை அடித்துப் பாடுகிறார்கள். அங்கே ஆண்களும் சேர்ந்துகொள்வார்கள். ஸ்காட்லாந்திலும் பயிலரங்குகளில் மேசையும் ஈரத் துணியும் வரும். இப்போது வெறும் தண்ணீர்தான், பயப்பட வேண்டாம்.

இந்தப் பாட்டு ஏன் புதியவருக்கு உகந்தது? பின்பாட்டில் பெரும்பாலும் அகராதிப் பொருள் இல்லாத அசைகளே இருக்கும்: ஹீ, ரீ, ஹோ, ரோ என்பன போல. மொழி தெரியாமலே பாடலாம். ஆனால் அலட்சியம் கூடாது. ஒவ்வொரு பாட்டுக்கும் அதன் அசைவரிசை உண்டு, ஒன்றின் அசையை மற்றொன்றில் போட்டால் மேசையில் இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். மேலும், முன்னணிப் பாடகர் ஒரு வரியைப் பாடி, பின்பாட்டு முடிந்ததும் பல பாட்டுகளில் அதே வரியை மீண்டும் எடுத்து அடுத்ததற்குப் போவார். தவறவிட்ட சொல் இன்னொரு முறை காதில் விழும். இதைவிடக் கருணையான வகுப்பறை கிடையாது.

மூன்றாம் படி: ஒலிகளைச் சரிசெய்யுங்கள்

கேலிக் எழுத்துக்கூட்டலைப் பார்த்தால் தலை சுற்றும். பதினெட்டே எழுத்துகளை வைத்துக்கொண்டு அவ்வளவு ஒலிகளையும் எழுத வேண்டியிருப்பதால் வந்த நெரிசல் அது. ஆனால் விதிகள் உண்டு, ஆங்கிலத்தைவிட ஒழுங்கான விதிகள். தமிழ் வாய்க்குச் சில இடங்களில் முன்கூட்டியே சலுகையும் கிடைத்திருக்கிறது.

ஆங்கிலத்தில் 'பஸ்' என்று தொண்டை அதிரச் சொல்லும் பகரம் கேலிக்கில் சொல்லின் முதலில் கிட்டத்தட்ட நம் 'பல்' என்பதில் வரும் பகரமாகவே ஒலிக்கும். 'பேப்பர்' என்பதில் வரும் பகரமோ மூச்சுக் காற்றைச் சேர்த்துத் தள்ளும் ஒலி. உதட்டுக்கு முன் ஒரு தாளைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் தாள் அசையக் கூடாது, இரண்டாவதில் ஆட வேண்டும். தகர வகையும் அப்படியே. நாக்கு நுனி மேற்பல்லைத் தொட வேண்டும். ஆங்கிலம் பேசுபவர்கள் பாடுபட்டுப் பழகும் இந்த இடம் நமக்குப் பிறவியிலேயே வந்தது. லொக் என்று எழுதும் ஏரிப் பெயர்களின் கடைசி ஒலியை 'அஃது' என்பதில் வரும் ஆய்தத்தை அழுத்திச் சொல்வது போலச் சொன்னால் நெருங்கிவிடலாம்.

வழுக்கும் இடம் ஒன்று உண்டு. பக்கத்தில் இகரமோ எகரமோ எழுதியிருந்தால் தகரம் சகரமாக மாறிவிடும். நிலத்தைக் குறிக்கும் சொல் எழுத்தில் 'தீர்' போலத் தெரியும், வாயில் 'ச்சீர்'. இந்த ஒரு விதியை மறக்காமல் இருந்தாலே பாதிப் பிழை போய்விடும்.

குறில் நெடில் வேறுபாடு இங்கே உயிர்நாடி. உயிரெழுத்தின் மேல் இடமிருந்து வலமாகக் கீழிறங்கும் கோடு இருந்தால் நெடில். 'பஹ்த' என்று குறிலில் சொன்னால் தடி, 'பாஹ்த' என்று நெடிலில் சொன்னால் படகு. படகோட்டிக் காதலனை நினைத்து உருக வேண்டிய இடத்தில் நீங்கள் தடியை நினைத்து உருகிக்கொண்டிருக்கலாம். மெட்டு அழகாக இருக்கிறதே என்று குறிலை இழுக்காதீர்கள். கேலிக் பாட்டில் மெட்டுதான் சொல்லுக்கு வளைந்து கொடுக்கும். அழுத்தம் பொதுவாகச் சொல்லின் முதல் அசையில் விழும்.

கர்நாடக இசை பயின்றவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கேலிக் மெட்டுகளில் பல ஐந்து சுரங்களில் அமைந்தவை. சிலவற்றைக் கேட்ட மாத்திரத்தில் 'மோகனம்' என்று உங்கள் காது சொல்லும். சொல்லட்டும். ஆனால் கமகத்தைக் கையோடு கொண்டுவராதீர்கள். இவர்களின் சிறு அலங்காரச் சுரங்கள் வேறு இடத்தில், வேறு அளவில் விழும், ஊருக்கு ஊர் மாறும். ஒரு பாடகரை மட்டும் வைத்துக்கொண்டு அவர் எங்கே வளைக்கிறாரோ அங்கே மட்டும் வளைத்துப் பழகுங்கள்.

மொழிக்கு டூயோலிங்கோவில் 2019 முதல் ஸ்காட்டிஷ் கேலிக் பாடம் இருக்கிறது. லேர்ன்கேலிக் தளத்தின் அகராதியில் சொற்களை ஒலியோடு கேட்கலாம். இரண்டும் இலவசம். பாட்டுக்கு இரண்டாவது அதிகம் உதவும்.

நான்காம் படி: கதை தெரிந்த பிறகே சரணம்

பல்லவி நாக்கில் ஏறியதும் சரணங்களுக்குப் போகலாம். அதற்கு முன் பாட்டின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் பாட்டு கதையைச் சொல்லாது. கேட்பவர்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டே பாடியவர்கள் அவர்கள். கிரிகல் கிரீ என்ற பழம்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கதை தெரியாமல் கேட்டால் மென்மையான தாலாட்டு. கிளென்ஸ்ட்ரேயின் கிரெகர் மக்கிரெகர் 1570 ஏப்ரலில் தலை வெட்டப்பட்டார். வெட்டியவர்கள் அவருடைய மனைவியின் சொந்தக் குலமான கேம்பல்கள். அவள் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பாடுவதாக அமைந்த பாட்டு இது. தாலாட்டின் நடுவே பிறந்த வீட்டாரைச் சபிக்கிறாள். இது தெரிந்த பிறகு அந்தச் சரணத்தைக் கொஞ்சலாகப் பாட வாய் வராது.

கற்கும் முறை எளிது. எழுதியதைப் பார்க்காமல் ஒரு சரணத்தைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். பிறகு கூடவே முணுமுணுங்கள். அதன் பிறகுதான் எழுத்தைப் பார்த்து, எந்தச் சொல்லைத் தவறாகக் கேட்டீர்கள் என்று சரிபாருங்கள். மெட்டை நீக்கி, வரிகளைப் பேச்சாகச் சொல்லிப் பார்ப்பது பாடகர்களிடம் உள்ள நல்ல பழக்கம். பேச்சில் இடறும் வரி பாட்டிலும் இடறும். பாட்டை யாரிடமிருந்து கற்றீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். தீவுப் பாடகர்கள் பாடும் முன் அதைச் சொல்வார்கள். காப்பகப் பதிவிலிருந்து கற்றால் அந்தப் பாடகரின் பெயரையும் ஊரையும் நீங்களும் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் படி: ஆட்களைத் தேடிப் போங்கள்

தனியறையில் கற்றது இதற்கு மேல் வளராது. கிளாஸ்கோ, எடின்பரோ, இன்வர்னெஸ் போன்ற நகரங்களில் கேலிக் பாடகர் குழுக்கள் வாராவாரம் ஒத்திகைக்குக் கூடுகின்றன. சரளமாகப் பேசத் தெரியாதவர்களையும் பல குழுக்கள் சேர்த்துக்கொள்கின்றன. உச்சரிப்பைத் திருத்த ஆள் இருப்பது இதில் பெரிய லாபம்.

பிள்ளைகள் இருந்தால் ஃபேஷ் என்ற ஏற்பாட்டை விசாரியுங்கள். 1981-இல் பாரா தீவில், உள்ளூர்ப் பாட்டும் இசையும் பிள்ளைகளிடம் போய்ச் சேரவில்லையே என்று கவலைப்பட்ட ஊர்க்காரர்கள் தொடங்கியது. விடுமுறையில் சில நாள் பாட்டு, ஃபிடில், பைப், நடனம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். போட்டியும் பரிசும் வைக்கவில்லை. இன்று ஸ்காட்லாந்து முழுதும் 40-க்கு மேற்பட்ட ஊர்களில் நடக்கிறது. இன்று மேடையில் இருக்கும் கேலிக் இசைக்காரர்கள் பலர் இதில் வளர்ந்தவர்கள். பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள், பாட்டு தானாக உங்கள் சமையலறைக்கு வந்துவிடும்.

பெரியவர்களுக்குக் கோடைப் பயிலரங்குகள் உண்டு. ஸ்கை தீவின் சவல் மோர் ஒஸ்டக் கல்லூரி (1973-இல் தொடங்கியது) மொழியோடு பாட்டுக்கும் குறுகிய வகுப்புகள் நடத்துகிறது. தெற்கு யூயிஸ்டில் ஜூலையில் நடக்கும் கியோலஸ் பயிலரங்கில் பகலில் வகுப்பு, இரவில் ஊர்க்காரர் வீடுகளிலும் மண்டபங்களிலும் கேய்லி. ஒன்றுக்குத்தான் பணமும் விடுப்பும் இருக்கிறது என்றால் கியோலஸையே சொல்வேன். தீவுக்குக் கப்பல் டிக்கெட்டும் தங்குமிடமும் கோடையில் சீக்கிரம் தீர்ந்துவிடும், மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள்.

மோட் என்ற தேசியப் போட்டி விழா 1892-இல் ஓபன் என்ற ஊரில் தொடங்கி, இப்போது ஒவ்வோர் அக்டோபரிலும் வெவ்வேறு ஊரில் நடக்கிறது. இசைக்கும் மொழிக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடுவார்கள். மேடைப் பாணி எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை, குரல் விறைத்துக்கொள்கிறது. ஆனால் போட்டி முடிந்த இரவுகளில் விடுதிகளிலும் மதுக்கடைகளிலும் பொங்கும் பாட்டுக்காகப் போகலாம். விஸ்கி ஒலிம்பிக்ஸ் என்ற பட்டப்பெயர் இந்த விழாவுக்குச் சும்மா வரவில்லை.

கூட்டத்தில் நடந்துகொள்ளும் முறை பற்றிச் சில. ஒருவர் தனியாகப் பாடும்போது கைதட்டித் தாளம் போடாதீர்கள். பல்லவி வரும்போது மட்டும் சேருங்கள், முன்னணிக் குரலை மீறாதீர்கள். கேட்காமல் கைப்பேசியில் பதியாதீர்கள். ஒருவருக்கே உரிய பாட்டு என்று ஊரறிந்த ஒன்றை அவர் இருக்கும்போது நீங்கள் எடுக்காதீர்கள். உங்கள் முறை வந்து, பாட்டு தயாராக இல்லை என்றால் ஒரு கதை சொன்னாலும் போதும்.

லூயிஸ் தீவுக்குப் போனால் ஞாயிறன்று கேலிக் தேவாலய வழிபாட்டில் பைபிளின் சங்கீதங்களைப் பாடுவதைக் கேட்க முடியும். ஒருவர் வரியை எடுத்துக் கொடுக்க, சபை முழுதும் அவரவர் நெளிவோடு பின்தொடரும். அலை போல எழும் ஓசை. அது வழிபாடு, அமைதியாக உட்கார்ந்து கேளுங்கள்.

ஆறாம் படி: சொந்தப் பாட்டு

கேலிக் மரபில் பாட்டுக் கட்டுவது மேதைகளின் தனிச்சொத்தாக இருந்ததில்லை. ஒவ்வோர் ஊரிலும் ஒரு ஊர்ப் புலவர் இருப்பார். காணாமல் போன மாடு, கடலில் மூழ்கிய படகு, கஞ்சன் கடைக்காரர் என எது நடந்தாலும் தெரிந்த மெட்டில் புதிய வரிகளைப் போட்டு மறுநாள் கேய்லியில் பாடிவிடுவார்.

மாரி வோர் நன் ஓரன் என்று அழைக்கப்பட்ட மேரி மக்பெர்சன் (1821–1898) ஸ்கை தீவில் பிறந்தவர். கணவரை இழந்த பின் 1872-இல் இன்வர்னெஸில் பணிப்பெண்ணாக இருந்தபோது, எஜமானியின் துணிகளைத் திருடியதாகக் குற்றம் சாட்டிச் சிறையில் போட்டார்கள். செய்யவில்லை என்று கடைசி வரை சொன்னார். அந்த அவமானம்தான் தன்னைப் பாடவைத்தது என்பார். அப்போது அவருக்கு ஐம்பது வயது. கிளாஸ்கோவில் செவிலியாகப் பயின்று வேலை பார்த்தார். 1880-களில் ஸ்கையின் குடியானவர்கள் நிலத்துக்காகப் போராடியபோது கூட்டங்களில் அவர் பாட்டு முழங்கியது. 1882-இல் பிரேஸ் கிராமத்தில் குடியானவர்கள் காவலர்களோடு மோதினார்கள், 1886-இல் குத்தகை உரிமைச் சட்டம் வந்தது. அவருக்குப் படிக்கத் தெரியும், எழுத வராது. 1891-இல் வெளியான தொகுப்புக்காகத் தன் பாட்டுகளை நினைவிலிருந்து சொல்ல, மற்றொருவர் எழுதினார். அவர் பயன்படுத்திய மெட்டுகள் பெரும்பாலும் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்தவை. கூட்டம் உடனே சேர்ந்து பாட முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். கூட்டத்துக்கு நன்கு தெரிந்த மெட்டு ஒன்றை எடுங்கள். உங்கள் தெருவில், உங்கள் பஸ் தடத்தில், உங்கள் பாடகர் குழுவில் நடந்த ஒன்றைப் பாடுங்கள், ஊர்ப்பெயர்களைத் தாராளமாகப் போடுங்கள். மூடுபனியும் மலையும் கடலும் வேண்டாம், அவை ஏராளமாக இருக்கின்றன. பல்லவியை முதலில் எழுதுங்கள். இரண்டு முறை கேட்டால் பிடிபடும் நீளத்துக்கு மேல் போனால் வெட்டுங்கள். சரணம் மூன்று போதும். எழுதியதைச் சரளமாகப் பேசும் ஒருவரிடம் காட்டுங்கள். வேற்றுமை உருபுகளில் கட்டாயம் பிழை இருக்கும், ஆங்கிலத்தில் யோசித்த வரிகளையும் அவர் கண்டுபிடித்துவிடுவார். அவர் மாற்றித் தந்த வரியை அப்படியே வைத்துக்கொண்டு, பாடும்போது அந்த வரி யாருடையது என்றும் சொல்லிவிடுங்கள்.